ஜன்னலை மறைக்காத செடி

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் நாத்தனார் அவளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அண்ணி, உங்களால எவ்வளவு வெயிட் தூக்க முடியும்?"

வந்தவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைச் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவருகிற தைரியசாலி. தங்கையின் வாய்க்கு முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு. சட்டைப் பொத்தானைப் போடுவதில் அவர் மும்முரமாக இருந்தார்.

"கடையில துணி ரோல் தூக்குவேன்" என்றாள். திரைச்சீலை தைக்கும் கடை ஒன்றில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சரி. நானும் ஒரு ரோல்தான். என்ன, துணி பேசாது, நான் பேசுவேன்."

நாத்தனாருக்குப் படிக்கிற வயதிலேயே தசைகளைத் தின்னும் ஒரு வியாதி வந்துவிட்டது. முதலில் மாடிப்படி போயிற்று, பிறகு நடை போயிற்று. இடுப்புக்குக் கீழே ஒன்றும் சொன்ன பேச்சைக் கேட்காது. தோளும் பாதிதான் கேட்கும். சக்கர நாற்காலியில் காலையில் உட்கார்த்தி வைத்தால், திரும்பப் படுக்க வைக்கும்வரை அதுதான் இடம். அதுவரை அண்ணன் ஒருவரே தூக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள் என்றதும் பாத்ரூமுக்குத் தூக்கிப்போகும் வேலை பெண்ணிடம் போனால் தனக்கும் கூச்சம் குறையும் என்று நாத்தனார் கணக்குப் போட்டிருந்தாள். அதைக் கேட்கத்தான் அவளுக்கு வெட்கம். வெட்கம் வந்தால் அவள் ஜோக் அடிப்பாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவளுக்கு 'கண்ட்ரோல்' என்று பெயர். வைத்தவர்கள் டாக்ஸி டிரைவர்கள். ஒரு டாக்ஸி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுத்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்வதுதான் அவள் வேலை. காதில் மாட்டிய மைக்கோடு முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊரிலுள்ள சந்து பொந்தெல்லாம் அவள் நாக்கு நுனியில். "பாலத்துக்கு அடியில போகாதீங்க, தண்ணி நிக்குது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ரைட் எடுங்க" என்பாள். அந்தப் பாலத்தையும் பள்ளிக்கூடத்தையும் அவள் கண்ணால் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். டிரைவர்கள் அவளை நேரில் பார்த்ததே இல்லை. "கண்ட்ரோல், கண்ட்ரோல்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அதேபோல வந்தவளுக்கும் அண்ணி என்பதே பெயராகிவிட்டது. கண்ட்ரோல் போடும் சத்தத்தில் தெருவே அவளை அண்ணி என்றது. பக்கத்து வீட்டு அக்கா, வயதில் மூத்தவள், அவளும் அண்ணி என்றாள். எதிர் பேக்கரிக்காரரும் அண்ணி என்றார்.

வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே சின்ன முன்வாசல். முழுக்கச் சிமெண்ட் பூசியது. லிஃப்ட்காரரின் ஸ்கூட்டர் ஒரு ஓரம், குப்பை வாளி ஒரு ஓரம். கண்ட்ரோலின் ஜன்னல் அதைப் பார்த்துத்தான் இருந்தது. ஊர் ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறவள் இருக்கும் வீட்டில் அந்த ஜன்னலுக்கு மட்டும் திரை கிடையாது. வேலை செய்கிற நேரமெல்லாம் கண்ட்ரோலுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருநாள் ஒரு டிரைவர், பயணிக்காகக் காத்திருந்த இடத்தில் பந்து பந்தாக நீலப் பூ பூத்திருக்கிறதென்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். "அண்ணா, அது ஹைட்ரேஞ்சியாவாம். எனக்கு வேணும்."

லிஃப்ட்காரர் மறுவாரமே ஒன்றை வாங்கி வந்து பெரிய தொட்டியில் வைத்து ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார். விற்றவர், இது எங்கே வைத்தாலும் வளரும் என்று சொன்னாராம். அவர் சொன்னது பொய்யில்லை. வளர்ந்தது. அடுத்த கோடையில் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. அதற்கு அடுத்த கோடையில் ஜன்னலில் பாதியை மூடிவிட்டது. உள்ளங்கை அகல இலைகள், தலை கனத்த பூக்கள். பேக்கரி மறைந்தது, பஸ் நிறுத்தம் மறைந்தது, தெருவே மறைந்தது.

"நான் என்ன காட்டுலயா உட்கார்ந்திருக்கேன்? வெட்டுங்க அண்ணா" என்று கண்ட்ரோல் உத்தரவு போட்டாள். குளிர்காலத்தில் அவர் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டினார். கோடை வந்தபோது செடி பழைய உயரத்துக்கே கிளம்பி நின்றது. ஆனால் பூ ஒன்றுகூட இல்லை. வெறும் இலை.

"தெருவும் போச்சு, பூவும் போச்சு" என்றாள் கண்ட்ரோல்.

அண்ணிதான் வேலை முடிந்து வரும் வழியில் வேறொரு நர்சரிக்குள் நுழைந்து விசாரித்தாள். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னாள். இந்தச் செடி அடுத்த வருஷப் பூவுக்கான மொட்டை இந்த வருஷக் கோடை முடிவிலேயே கிளை நுனியில் கட்டி வைத்துக்கொள்ளும். குளிரில் கிளையை வெட்டினால் வரப்போகிற பூவையும் சேர்த்து வெட்டினதாக ஆகும். பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளலாம், அதற்குக் கீழே கை வைக்கக் கூடாது. கோடையிலேயே அடியோடு வெட்டினாலும் புதுக் கிளை முதிர்ந்து மொட்டுக் கட்ட ஒரு வருஷம் வீணாகும். சின்ன இடத்துக்கு இதில் குட்டை ரகம் இருக்கிறது, இடுப்புயரம்கூட வராது, தானாகவே நின்றுவிடும், வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

அண்ணி வந்து சொன்னதும் கண்ட்ரோல், "என்னை மாதிரியே உட்கார்ந்த உயரத்துல ஒரு செடியா? இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள்.

பெரிய செடியை பேக்கரிக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். லிஃப்ட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுத்தியலும் உளியுமாகச் சிமெண்டை உடைத்தார். சுவரோரம் ஒரு ஆள் படுக்கும் அளவு மண் தெரிந்தது. அதற்குள் உடைந்த செங்கல்லும் காரைக்கட்டியும்தான் கிடந்தன. பொறுக்கிப் போட்டு, மட்கிய இலை கலந்து நிரப்பினார்கள். இரண்டு குட்டைச் செடி மண்ணில், மூன்று அகலத் தொட்டிகளில். காலை வெயில் படும், மத்தியானம் சுவர் நிழல் விழும். அந்தச் செடிகளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஸ்கூட்டர் தெருவுக்குப் போயிற்று. அதற்காக லிஃப்ட்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது ஒரு வாரம் நீடித்தது.

தோட்டம் மூன்று பேருடையது என்று பெயர். கண்ணும் வாயும் கண்ட்ரோலுடையவை, கை மட்டும் அண்ணியுடையது. அண்ணி குனிந்து நிற்பாள். உள்ளேயிருந்து குரல் வரும். "நேரா போங்க. அந்தக் கணு தெரியுதா? அங்க லெஃப்ட் எடுங்க. லெஃப்டுன்னேன் அண்ணி, என் லெஃப்ட் இல்ல, உங்க லெஃப்ட். ஆ, அந்தக் காஞ்ச பூதான். அங்கயே நிறுத்துங்க, பயணி இறங்கட்டும்." அண்ணி சிரித்துச் சிரித்துக் கத்தரியைக் கீழே போட்டுவிடுவாள்.

நீலப் பூ கேட்டவளுக்கு நீலம் வரவில்லை. சுண்ணாம்புக் காரை கலந்த மண்ணில் இந்தப் பூவுக்கு நீலம் ஏறாது. தொட்டியில் இருந்தவை கொஞ்சம் ஊதாவாகவும், மண்ணில் இருந்தவை வெளுத்த ரோஜா நிறமாகவும் பூத்தன. பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கு வெளியே நின்று, "என்னடி இது, காலிஃபிளவர் கெட்டுப்போன மாதிரி இருக்கு?" என்றாள். கண்ட்ரோல் ஜன்னலிலிருந்தே, "அக்கா, நீங்க சமைக்கிற காலிஃபிளவரைவிட இது தேவலை" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணிக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததில் யாருக்கும் மனவருத்தமும் இல்லை. காலையில் கண்ட்ரோலைத் தூக்கிக் குளிப்பாட்டி, நாற்காலியில் வைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி, தண்ணீர்ப் புட்டியின் குழாயை வாய்க்கு எட்டுகிற மாதிரி வளைத்து வைத்துவிட்டு, செடிகளுக்கு ஊற்றிவிட்டு, கடைக்கு ஓடுவாள். மத்தியானம் கடையிலிருந்து வந்து ஒரு தடவை. சாயங்காலம் வந்ததும் மறுபடி. இடுப்பு வலி எப்போதும் இருந்தது. சில நாள் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால்தான் நிமிர முடியும்.

சண்டை வராத வீடு இல்லை. ஒரு கோடையில் கடையில் ஓட்டல் ஒன்றுக்கான பெரிய ஆர்டர். கனத்த துணி, உள்ளே இன்னொரு அடுக்கு, திரை பறக்காமல் தொங்கக் கீழோரத்தில் ஈயப்பட்டி. அண்ணி காலையில் அவசரத்தில் தண்ணீர் ஊற்றாமல் போய்விட்டாள். மத்தியானமும் கடையிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்று பக்கத்து வீட்டு அக்கா வந்துதான் கண்ட்ரோலைக் கவனித்தாள். செடிக்கும் ஊற்றச் சொல்லி அவளிடம் கேட்கக் கண்ட்ரோலுக்கு வெட்கம். சாயங்காலம் வந்தபோது செடிகள் அடித்துப்போட்ட மாதிரி துவண்டு கிடந்தன.

"காலையிலேர்ந்து என் கண்ணெதிர்ல சாகுது. என்னால எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி ஊத்த முடியல. உங்களுக்கு ஞாபகம்கூட வரலையா?" என்று கண்ட்ரோல் கத்தினாள்.

அண்ணிக்கும் அன்று தாங்கவில்லை. "எனக்கு இருக்கிறது ரெண்டு கை. ஒண்ணு உனக்கு, ஒண்ணு கடைக்கு. செடிக்கு மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டுவிட்டாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கண்ட்ரோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான். அண்ணி வெளியே போய் வாளி வாளியாக ஊற்றினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே வந்து பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணி, வந்து பாருங்க."

துவண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன.

"இதுங்களுக்குக் கொஞ்சம்கூட ரோஷமே இல்ல அண்ணி. தண்ணி ஊத்தினா உடனே சமாதானம்."

"உனக்கு?"

"எனக்கு டீ வேணும்."

அப்படித்தான் வருஷங்கள் போயின. கண்ட்ரோலின் வியாதி சொல்லாமல் கொள்ளாமல் மேலேறி வந்தது. கை விரல் போனது. பிறகு மூச்சு குறைந்தது. நீளமான வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்துவாள். டிரைவர்கள், "கண்ட்ரோல், லைன் கட் ஆகுது" என்பார்கள். லைன் கட் ஆகவில்லை என்று அவள் சொல்ல மாட்டாள். "உங்க போன் ஓட்டை, மாத்துங்க" என்பாள். ஒரு கட்டத்தில் அவளாகவே வேலையை விட்டாள். அன்றிலிருந்து காதில் மைக் இல்லை. காலை முதல் சாயங்காலம்வரை அந்த ஐந்து செடிகள்தான். எந்தச் செடியில் எந்த மொட்டு எந்தப் பக்கம் விரிகிறது என்பதை, அண்ணி வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ட்ரோல் ஒப்பிப்பாள். பேச்சு சன்னமாகிவிட்டதால் அண்ணி வாயருகே காதை வைத்துக் கேட்பாள்.

ஒரு கோடைத் தொடக்கத்தில் கண்ட்ரோலுக்குச் சளி பிடித்தது. சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள் அண்ணியைப் பார்த்ததும் கேட்டது, "நடுத் தொட்டி... விரிஞ்சுதா?"

அண்ணி மறுநாள் செல்போனில் போட்டோ எடுத்துப் போய்க் காட்டினாள். எல்லாச் செடியிலும் ஒன்றாகப் பூத்திருந்தது. அதற்கு முன் எந்த வருஷமும் அவ்வளவு பூத்ததில்லை. கண்ட்ரோல் வெகுநேரம் பார்த்தாள். "நான் இல்லாதப்ப... என்ன கொழுப்பு பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு பேசியது அண்ணிக்குப் புரியவில்லை. காதை வாயருகே வைத்துப் பார்த்தாள். புரியவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்க அவளுக்கு மனசு வரவில்லை, மூச்சு வாங்குகிறதே என்று விட்டுவிட்டாள். அந்தப் படுக்கையிலேயே கண்ட்ரோல் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திடீரென்று உள்ளே போய்த் தன் தையல் பையைத் திறந்து துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தாள். அந்தக் கத்தரியால் ஒரு காகிதத்தைக்கூட யாரையும் வெட்ட விட்டதில்லை அவள். முனை மழுங்கிவிடும் என்பாள். அதை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய்ச் செடியை வெட்டத் தொடங்கினாள். பூவை மட்டும் கிள்ளவில்லை. காம்போடு, கிளையோடு, அடிவரைக்கும் வெட்டினாள்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏய், என்ன பண்றே? கொஞ்சம் விட்டு வை. அவ ஆசையா வளர்த்தது."

"அதனாலதான்க்கா" என்று மட்டும் சொன்னாள் அண்ணி. ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் அள்ளி வந்து கண்ட்ரோலைச் சுற்றி வைத்தாள். ஊதாவும் வெளுத்த ரோஜாவுமாக அந்தச் சின்ன உடம்பு பூவுக்குள் மறைந்துபோயிற்று.

மத்தியானம் டாக்ஸிகள் வந்தன. தெரு முனைவரை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிரைவர்கள் உள்ளே வரத் தயங்கிக் கேட்டருகே கூடினார்கள். அவர்களில் வயதான ஒருவர் ஜன்னலோரம் காலியாக இருந்த சக்கர நாற்காலியைப் பார்த்து, "இது யாரோடது?" என்று கேட்டார்.

"அவளோடதுதான்" என்றாள் அண்ணி.

அவர் நாற்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ட்ரோல் இதுலயா உட்கார்ந்திருந்தாங்க? எங்களை ஒருநாள்கூட சும்மா உட்கார விட்டதில்லம்மா" என்றார். சொல்லிவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் லிஃப்ட்காரரின் கையைப் பிடித்தார்கள். கூடப் பிறந்தவளாச்சே, எப்படித் தாங்குவீங்க என்றார்கள். அவர் தலை குனிந்துகொள்வார். அண்ணியிடம் வந்தால் அதே ஆட்களின் குரல் மாறிவிடும். தோளைத் தட்டி, "நீ செஞ்சதை யாரும் செய்ய மாட்டாங்கம்மா. இனிமேலாவது உன் உடம்பைப் பார்த்துக்கோ" என்றார்கள். கடை முதலாளியம்மா இன்னும் வெளிப்படையாகவே சொன்னாள்: "அவளுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை."

நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அது தெரிந்ததனால் தலையை ஆட்டி வைத்தாள். நாத்தனார் செத்ததற்கு வாய்விட்டு அழுதால் நடிக்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம் வேறு. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்ரூமுக்குள் அழுதாள். கண்ட்ரோலைக் குளிப்பாட்ட உட்கார வைக்கும் பிளாஸ்டிக் முக்காலி அங்கேயே இருந்தது.

மத்தியானம் ஆனால் கடையில் கை தானாக மெஷினை நிறுத்திவிடும். வீட்டுக்குப் போக எழுந்துவிடுவாள். எழுந்த பிறகுதான் போக வேண்டியதில்லை என்பது ஞாபகம் வரும். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய்வருவாள்.

இன்னொன்றும் நடந்தது. அவளுடைய இடுப்பு வலி போய்விட்டது. தைலமும் மாத்திரையும் போக்காத வலி, தூக்குகிற வேலை நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் காலையில் எழுந்தபோது சுத்தமாக இல்லை. குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். கண்ட்ரோலின் கனம் தன் உடம்பில் மிச்சமிருந்தது அந்த வலி ஒன்றில்தான், அதுவும் போய்விட்டதே என்று இருந்தது. "இப்பதான் ஆளே நேரா நடக்கிறே" என்று பக்கத்து வீட்டு அக்கா சந்தோஷப்பட்டபோது, அவளை அடித்துவிடலாம் போல வந்தது.

மழைக்காலத்தில் ஒரு தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியது. ஜன்னலிலிருந்து சொல்ல ஆளில்லை. அண்ணி கவனித்தபோது வேர் அழுகி, செடி கையோடு வந்துவிட்டது. மற்ற நான்கும் குளிரைத் தாண்டித் துளிர்த்தன. கோடை வந்தது. பேக்கரிக்காரரின் பெரிய செடி அவர் கடை வாசலில் பூத்துத் தள்ளியது. இங்கே இலைதான்.

லிஃப்ட்காரர் அந்த ஜன்னல் பக்கமே போகாமல் பின்கதவு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சிமெண்ட் மூட்டையோடு வந்து முன்வாசலில் போட்டார்.

"எதுக்குங்க இது?"

"பழையபடி பூசிடலாம். ஸ்கூட்டர் வெயில்ல காயுது."

"செடி?"

"அது செத்துப்போச்சு. பூவே இல்லையே."

"சாகலை. நான்தான் வெட்டினேன்."

"வெட்டினா அடுத்த வருஷம் பூக்காதுன்னு நீதானே நர்சரியில கேட்டுட்டு வந்து சொன்னே?"

"ஆமா."

"தெரிஞ்சும் ஏன் வெட்டினே?"

அண்ணி அந்தச் சிமெண்ட் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சுதான் வெட்டினேன். அவ பார்க்காத பூ ஒரு வருஷத்துக்கு இந்த வாசல்ல வர வேணாம்னு வெட்டினேன். தினம் காலையில ஜன்னலைத் திறந்து அதை நான் எப்படிப் பார்க்கிறது? உங்களுக்குன்னா வந்து கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்றாங்க. எனக்கு எல்லாரும் சந்தோஷமா இருன்னு சொல்லிட்டுப் போறாங்க. அவ எனக்கு யாருங்க? பாரமா? இறக்கி வச்சிட்டுப் போறதுக்கு?"

சொல்லச் சொல்ல குரல் உடைந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவள் லட்சியம் பண்ணவில்லை.

லிஃப்ட்காரர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எனக்குக்கூடத் தோணலை பாரு" என்றார். "நீ என்னைப் பார்த்துக்கிட்டே. உன்னை நான் கேட்கவே இல்ல."

"கடைசியா அவ என்னமோ சொன்னா. எனக்குக் கேட்கலை. திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்காம விட்டுட்டேன்."

"டீ கேட்டிருப்பா" என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார். முகம் கோணி அழுகையாகிவிட்டது. தங்கை போன அன்றுகூட அவர் அப்படிச் சத்தம் போட்டு அழவில்லை. இரண்டு பேரும் பட்டப்பகலில் முன்வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவரை வந்தாள். என்ன நினைத்தாளோ, திரும்பிப் போய்விட்டாள்.

அந்தச் சிமெண்ட் பாத்ரூம் தரையைப் பூசப் பயன்பட்டது. லிஃப்ட்காரர் தொட்டிகளைக் கவிழ்த்து ஓட்டைகளைக் குத்திப் பெரிதாக்கினார். அடுத்த கோடையில் நான்கு செடியும் பூத்தன. முன்பு போல இல்லை, ஆனால் பூத்தன. பூத்தால் மனசு ஆறும் என்று அண்ணி நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் பூ விரிந்த அன்று காலை, வாளியைக் கீழே வைத்துவிட்டு, சொல்வதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆறவில்லை. இனி அது ஆறாது, இதோடுதான் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. மீதித் தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனாள்.

கடையில் அப்போது இஸ்திரி போடுவதற்குப் புதிதாக ஒருத்தி சேர்ந்திருந்தாள். அண்ணியின் வயதுதான் இருக்கும். வேறு பேட்டையிலிருந்து வந்தவள். அண்ணியின் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீளமான திரை ஒன்றின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அண்ணியும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில், "உங்க வீட்டுல யார் யாரு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நானும் அவரும்தான். ஒருத்தி இருந்தா. போயிட்டா."

"அடடா. யாரு?"

அண்ணி நாத்தனார் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் உடனே முகம் எப்படி மாறும், அடுத்து என்ன வார்த்தை வரும் என்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இருந்தாலும் சொன்னாள். நாத்தனார்தான் என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. எவ்வளவு வெயிட் தூக்க முடியும் என்று கேட்டதிலிருந்து தொடங்கி, டாக்ஸி, ஜன்னல், செடி, ஆஸ்பத்திரி எல்லாம் சொன்னாள். வந்தவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, தன் முனையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், "ஐயோ, உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்" என்றாள் அவள். "எப்படித்தான் தாங்கினீங்க?"

அண்ணி தன் கையிலிருந்த துணியை மேஜைமேல் தள்ளி வைத்தாள். வெளிர் நிறத் துணி, ஈரம் பட்டால் திட்டாகத் தெரியும். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள். வந்தவள் சுற்றிவந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் மறுபடி ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் திரைகள் போய்ச் சேர வேண்டியிருந்தது.